துவண்டிருக்க வேண்டிய லேஸ்

டிக்னாவின் முகம் எந்தப் படத்திலும் இல்லை. ஆனால் ஆன்ட்வெர்ப்பிலிருந்து வண்டியேறிப் போன சீமாட்டிகளின் படங்களில் கழுத்துக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் அவள்தான். பெரிய வீட்டுப் பெண்கள் ஓவியர் முன்னால் ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் இரண்டு மணி நேரம் உட்காருவார்கள். அதற்குள் முகம் மட்டும் முடியும். பிறகு அவர்களுடைய கவுனும் காலரும் கையுறையும் ஒரு பெட்டியில் பட்டறைக்கு வந்துசேரும். அதையெல்லாம் போட்டுக்கொண்டு நாள்கணக்கில் நிற்பதற்கு ஓர் உடம்பு வேண்டும். மரப்பொம்மை ஒன்று இருந்தது. ஆனால் அதன்மேல் பட்டுத்துணியைப் போட்டால் பிணத்துக்குப் போர்த்தின மாதிரி இருக்கிறது என்று ஓவியர் ஹூப்ரெக்ட் வெர்மூலன் அதை மூலையில் சாத்திவிட்டார். அதனால் டிக்னா நின்றாள். எதிரே நின்று அந்தத் துணிமணிகளை வரைந்தவன் அவள் புருஷன் கொம்மார். முகமும் கையும் ஓவியருடையவை. துணியும் லேஸும் கொம்மாருடையவை. பட்டறையில் வேலை அப்படித்தான் பிரிந்திருந்தது.

தெருவில் அவளைச் சீமாட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். மீன் வாங்கப் போனால், "சீமாட்டியம்மாவுக்கு இன்னிக்கு ஹெர்ரிங் போதுமா, இல்ல அன்னப்பறவை பிடிச்சுத் தரணுமா?" என்று மீன்காரி கேட்பாள். டிக்னா அதற்கெல்லாம் கோபித்துக்கொண்டதில்லை. நிற்பது அவளுக்குப் புருஷனால் வந்த வேலை. அவளுடைய சொந்தத் தொழில் வேறு. அவள் கஞ்சி போடுபவள். கோதுமைக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி, லேஸை முக்கி, பாதி காயும்போது சூடான இரும்புக் குச்சியை விட்டு ஒவ்வொரு மடிப்பாக நிமிர்த்துவாள். அவள் கைபட்ட காலர் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போய், விருந்துக்குப் போய், மழைச்சாரல் பட்டு வீடு திரும்பினாலும் தலை சாயாது. ஓவியரின் பட்டறைக்கு வரும் லேஸ் எல்லாமே முதலில் அவள் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் போகும்.

அவளுக்கு ஒரே தம்பி, ரொம்பௌட். பன்னிரண்டு வயது இளையவன். அவனைப் பெற்ற மூன்றாம் நாளே அம்மா போய்விட்டதால் பாலுக்கு ஆள் தேடினதிலிருந்து படகுக்காரர் சங்கத்தில் சேர்த்துவிட்டதுவரை எல்லாம் இவள்தான். இப்போது அவனுக்குச் சொந்தமாக ஒரு படகு இருந்தது. ராஜாவை எதிர்த்துப் பிரிந்துபோன வடக்குக் கலகக்காரர்கள், ஷெல்ட் ஆறு கடலில் சேரும் வாயை அடைத்துவைத்திருந்தார்கள். பெரிய கப்பல் ஒன்றும் ஊருக்குள் வர முடியாது. ஆனால் இரண்டு பக்கத்து அனுமதிச் சீட்டும் வைத்திருக்கும் சின்னப் படகுகள் மட்டும் போய்வரும். சண்டை ஒரு பக்கம், வியாபாரம் ஒரு பக்கம். ரொம்பௌட் ஓவியரின் படப்பெட்டிகளை வடக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வெண்ணெயும் உப்பும் ஏற்றிவருவான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அக்கா வீட்டில். மோர்க்கஞ்சியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே அக்காவைச் சீண்டுவான்.

"உன் தலையை வெட்டி எறிஞ்சுட்டு இன்னொருத்தி தலையை ஒட்டுறாங்க. அதுக்குப் போய் இவ்வளவு பெருமையாக்கா?"

"உன் தலையை யாரும் ஒட்டிக்கக்கூட மாட்டாங்கடா. சாப்பிடு."

அந்த வீட்டில் ஓவியரைப் பற்றி அடிக்கடி பேச்சு வரும். ஏனென்றால் ஓவியர் வெளியூர் போய்வருவதில் என்னமோ இருந்தது. பிரஸ்ஸல்ஸில் ஒரு பிரபுவை வரையப் போகிறேன் என்று கிளம்புவார். மூன்று வாரம் கழித்து வருவார். கொண்டுபோன தூரிகைகளைக் கழுவி வைப்பது கொம்மாரின் பொறுப்பு. அவன் பெட்டியைத் திறந்தால் தூரிகைகள் இவன் கட்டிக் கொடுத்த கட்டு பிரியாமல் இருக்கும். ஒரு சொட்டு எண்ணெய் பட்டிருக்காது. வெள்ளைச் சாயம் கொடுத்தனுப்பின அளவு அப்படியே திரும்பி வரும். ஓவியருக்குப் பிரஸ்ஸல்ஸில் ஒருத்தி இருக்கிறாள் என்று பட்டறையில் முடிவுகட்டியிருந்தார்கள். அவருடைய மனைவி செத்து ஒரு வருஷம் ஆகியிருந்ததால் அதை யாரும் பெரிய குற்றமாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. ரொம்பௌட் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"பொண்ணு விஷயமா இருந்தா போறப்ப சிரிச்ச முகமா போவான், வர்றப்ப களைச்சு வருவான். இவரு போறப்பவும் பயந்திருக்காரு, வர்றப்பவும் பயந்திருக்காரு."

அவனுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பது அவன் இருந்தவரை டிக்னாவுக்குத் தெரியவில்லை. அவளாகக் கேட்கவும் இல்லை. தம்பி படப்பெட்டியோடு வேறு எதையாவது கொண்டுபோகிறானா என்று ஒரே ஒரு தடவை மனதில் வந்தது. அன்று நான்கு காலர் காயவேண்டியிருந்தது, அந்த நினைப்பை அப்படியே விட்டுவிட்டாள்.

பன்னிரண்டு வருஷ ஓய்வுக்குப் பிறகு சண்டை மறுபடி தொடங்கி ஆறாவது வருஷம், ஈஸ்டர் முடிந்த கையோடு அந்தப் படம் வந்தது. வடக்கே இருக்கும் ஒரு தானிய வியாபாரியின் மனைவி ஆன்ட்வெர்ப்பில் இருக்கும் தன் தங்கையைப் பார்க்க வந்தாள். முகத்தை வரையக் கொடுத்துவிட்டு, கறுப்புக் கவுனைப் பட்டறையில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். ஓவியர் வழக்கம்போல ஒரு சின்னப் பலகையில் முழுப்படத்துக்கும் மாதிரி போட்டுவைத்தார். மறுநாள் பிரஸ்ஸல்ஸுக்குக் கிளம்பினார். வாசலில் குதிரை நிற்கும்போது திரும்பி வந்து, மாதிரியில் இருக்கிறபடியே செய் என்று கொம்மாரிடம் சொன்னார். அதை அவர் எல்லாப் படத்துக்கும் சொல்வார். திரும்பி வந்து சொன்னது அதுதான் முதல் தடவை. அது கொம்மாருக்கு அப்போது உறைக்கவில்லை.

மாதிரியில் அந்தப் பெண்ணின் வலது மணிக்கட்டு லேஸ் நிமிர்ந்து நின்றது. இடது மணிக்கட்டு லேஸ் துவண்டு, நனைந்த துணிபோலக் கைமேல் தொங்கியது.

கவுனைப் போட்டுக்கொண்டு நின்ற டிக்னா மூன்றாம் நாள்தான் அந்தப் பலகையைக் கிட்டத்தில் பார்த்தாள். அவளுக்குச் சுருக்கென்றது. இடது கையைத் தூக்கிக் காட்டினாள். அதில் அவள் முந்தின நாள் குச்சி விட்டு நிமிர்த்தின லேஸ் பூ மாதிரி நின்றது.

"இது தொங்குதா?"

"அவரு அவசரத்துல இழுத்த கோடு அது," என்றான் கொம்மார்.

"அந்த ஊர்ல இதைச் சுவத்துல மாட்டுவாங்க. போறவ வர்றவ எல்லாம் பார்ப்பா. ஆன்ட்வெர்ப்ல கஞ்சி காய்ச்சக்கூட மாவில்லாம போச்சுன்னு சிரிப்பாளுங்க. அதுலயும் கலகக்காரன் பொண்டாட்டிங்க."

"சரி, நிமிர்த்திடறேன். நில்லு."

இதில் கொம்மாரைக் குறை சொல்லிப் பயனில்லை. மாதிரி என்பது எப்போதும் பாதி கோடும் பாதி ஊகமுமாகத்தான் இருக்கும். அதில் கோணலாக இருப்பதை நேராக்குவதற்குத்தான் பட்டறையில் ஆளை வைத்திருப்பது. ஓவியர் ஆறு விரல் போட்டுவிட்டுப் போனாலும் ஐந்தாக்கி முடிப்பவன்தான் நல்ல வேலைக்காரன். கொம்மார் நல்ல வேலைக்காரன். நான்கு நாள் அந்த இடது மணிக்கட்டோடு மன்றாடினான். ஒவ்வொரு கண்ணியிலும் வெளிச்சம் உள்ளே புகுந்து வெளியே வருகிற மாதிரி, இருபத்தோரு வருஷத்தில் அவன் வரைந்ததிலேயே நல்ல லேஸ் அது. முடிந்ததும் இரண்டு பேரும் தள்ளி நின்று பார்த்தார்கள். அவனை அதிகம் புகழாத டிக்னா, நல்லா வந்திருக்கு என்றாள்.

ஓவியர் ஐந்து வாரமாகியும் வரவில்லை. தனக்காகக் காத்திருக்க வேண்டாம், காய்ந்ததும் படத்தை அனுப்பிவிடுங்கள் என்று பிரஸ்ஸல்ஸிலிருந்து ஆள் வந்தது. பெட்டியை ஆணியடித்து ரொம்பௌட்டின் படகில் ஏற்றினார்கள். அவன் போனான். படத்தைப் பத்திரமாகச் சேர்த்துவிட்டான் என்று எதிரே வந்த படகுக்காரர்கள் சொன்னார்கள். ஆனால் திரும்பி வர வேண்டிய நாளில் அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவனுடைய கிண்ணம் கவிழ்த்தபடியே இருந்தது. திங்கட்கிழமை ஒரு உப்புப் படகுக்காரன் வந்து சொன்னான். வரும் வழியில் கலகக்காரர்களின் ஆற்றோரக் கோட்டை ஒன்றில் நிறுத்திச் சோதித்திருக்கிறார்கள். வெண்ணெய்ச் சட்டிக்குள் கையைவிட்டதும் மெழுகுத் துணியில் சுற்றின காகிதம் கிடைத்திருக்கிறது. உளவாளி என்று பிடித்துவைத்திருக்கிறார்கள்.

உளவாளிக்கு என்ன செய்வார்கள் என்று அந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஓவியர் அன்று மாலைதான் திரும்பியிருந்தார். மறுநாள் காலை டிக்னா அவர் வீட்டுக்குப் போனாள். சவாரிக் காலணியைக்கூட அவிழ்க்காமல் அவர் அடுப்பங்கரை மேஜையில் உட்கார்ந்திருந்தார். விஷயம் அவருக்கு முன்பே எட்டியிருந்தது. தம்பியை மீட்டுக்கொடுங்கள், உங்களுக்குப் பெரிய இடத்திலெல்லாம் ஆள் இருக்கிறதே என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, சம்பந்தமில்லாத மாதிரி ஒன்றைக் கேட்டார்.

"இடது கை லேஸ் எப்படிப் போச்சு?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவர் மறுபடி கேட்டார். நிமிர்த்திப் போட்டோம் என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அது தொங்கணும்னுதான் வரைஞ்சேன் டிக்னா. அங்க அதைப் பார்க்கிறவருக்கு அது ஒரு சேதி. வழி மோசமா இருக்கு, படகுக்காரன்கிட்ட எதையும் கொடுத்தனுப்பாதேன்னு. நிமிர்ந்திருந்தா, கொடுத்தனுப்புன்னு."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்றதையும் சொன்னார். பிரஸ்ஸல்ஸ் அரண்மனைக்கும் வடக்குக்கும் நடுவே ரகசியமாகச் சமாதானம் பேச ஆள் வேண்டியிருந்தது. ஓவியன் எந்த வீட்டுக்குள்ளும் போகலாம், யாரோடும் மணிக்கணக்கில் தனியாக உட்காரலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். இரண்டு வருஷமாக அவர் செய்தது அதுதான். அந்த வழியை யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று ஈஸ்டர் சமயத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. எழுதி அனுப்பப் பயந்துதான் லேஸில் அனுப்பினார். கொம்மாரிடம் காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார்கள்.

"ஆறு திறக்கணும்னுதான் இத்தனையும்," என்றார்.

"ஆறு திறந்தா படகு ஓட்ட அவன் வேண்டாமா ஐயா?"

அவன் என் ஆள் என்று எழுதிக் கொடுங்கள் என்று அவள் கேட்டாள். அப்படி எழுதினால் அவன் உளவாளி என்று நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும், அன்றைக்கே கயிறுதான் என்றார் அவர். அது உண்மை. அப்படி எழுதினால் அவருடைய கழுத்துக்கும் கயிறு வரும் என்பதும் உண்மை. அதை அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஒரே ஒரு வழி இருக்கிறது என்றார். உளவாளிக்குக் கயிறு. கள்ளச்சரக்குக்காரனுக்குக் கசையடி, படகு பறிமுதல், கொஞ்ச நாள் சிறை, அவ்வளவுதான். அவன் சும்மா ஒரு கள்ளச்சரக்குக்காரன், எழுத்து தெரியாதவன், யார் எதைக் கொடுத்தாலும் என்னவென்று பார்க்காமல் வாங்கிக்கொள்கிறவன் என்று வீட்டாரே நோட்டரி முன்னால் சத்தியம் செய்து தரவேண்டும். கைதிகளை மாற்றிக்கொள்ளும் விஷயமாக வாராவாரம் போய்வருகிற தூதன் கையில் அதை அனுப்பலாம். கோட்டைத் தளபதி ரத்தவெறி பிடித்தவன் இல்லை, ஒரு சாக்கு கிடைத்தால் விட்டுவிடுவான்.

டிக்னா வீட்டுக்குப் போய்க் கொம்மாரிடம் சொன்னாள். லேஸ் விஷயத்தையும் சொன்னாள். அவன் வெகுநேரம் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நீதானே நிமிர்த்தச் சொன்னே என்று அவன் சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நோட்டரி அனுபவப்பட்டவர். வெறும் வெண்ணெய் கடத்துபவன் என்றால் நம்பமாட்டார்கள் என்றார். சங்கத்தில் பதினாலு வருஷம் இருக்கிறவன், சீட்டு வைத்திருப்பவன், எதற்காகக் கண்டவன் காகிதத்தை வாங்கவேண்டும் என்று கேட்பார்கள். ஆள் மோசம் என்று காட்ட வேண்டும். ஏற்றின சரக்கில் கைவைப்பவன், சின்ன வயதிலிருந்தே திருட்டுக் கை, அக்கா வீட்டில்கூடத் திருடியிருக்கிறான் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி எழுதினார். ஒவ்வொன்றுக்கும் டிக்னா ஆமாம் என்றாள். கடைசியில் தன் குறியைப் போட்டாள். அவளுக்கு எழுதத் தெரியாது. காலர் மடிப்பைப்போல ஒரு சுழி போடுவாள், துணிமூட்டைகளில் அடையாளத்துக்குப் போடுவதும் அதே சுழிதான். பக்கத்தில் கொம்மார் பெயரை எழுதினான்.

படகுக்காரர் சங்கத்தின் முத்திரையும் அதில் வேண்டியிருந்தது. சங்கத் தலைவர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். அவர் ரொம்பௌட்டைத் தோளில் தூக்கித் திரிந்தவர்.

"இது பொய்யின்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஆனா முத்திரை போட்டுட்டா சங்கத்துக்கு இது மெய். ஏட்டுல அவன் பேரை அடிச்சுத்தான் ஆகணும்."

"உயிரோட வரட்டும் பெரியவரே. பேரு கெடக்கு."

அவர் முத்திரையைக் குத்தினார். குத்தும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

காகிதம் போனபிறகு பதினோரு நாள். டிக்னா வேலையை நிறுத்தவில்லை, நிறுத்தினால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆனால் அந்த நாட்களில் இரண்டு தடவை கஞ்சியைக் கருகவிட்டாள். காலையில் படகுத்துறைக்குப் போவாள், வடக்கேயிருந்து வருகிற படகையெல்லாம் பார்ப்பாள், திரும்பி வருவாள். கசையடிபட்ட முதுகுக்குத் தடவ வாத்துக் கொழுப்பு வாங்கி வைத்தாள். சீமாட்டி என்று யாரும் கூப்பிடவில்லை. அதற்குள் காகிதத்தில் எழுதியிருந்தது ஊருக்குள் கசிந்துவிட்டது. எங்கள் வீட்டில்கூட ஒரு கரண்டி காணாமல் போனது, இப்போதுதான் புரிகிறது என்று ஒருத்தி சொன்னது அவள் காதில் விழுந்தது. அந்தக் கரண்டியை அவள் புருஷனே குடிக்க அடகுவைத்தது டிக்னாவுக்குத் தெரியும். வாயைத் திறக்க வழியில்லை.

பன்னிரண்டாம் நாள் அந்தக் கோட்டைச் சிறையிலிருந்து விடுபட்டு ஒருவன் வந்தான். சுண்ணாம்பு ஏற்றுகிறவன், ரொம்பௌட்டோடு ஒரே அறையில் இருந்தவன். அவனாகவே வீட்டைத் தேடிவந்தான். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான்.

தளபதி எல்லோரையும் வைத்துக்கொண்டுதான் காகிதத்தைப் படித்தான். படித்துவிட்டு, இதற்கு ஆமாம் என்று சொல், முதுகு கொஞ்சம் எரியும், பிறகு பிழைத்துப் போ என்றான். ரொம்பௌட் சிரித்திருக்கிறான். என் அக்கா இப்படிச் சொல்லமாட்டாள், இது யாரோ கட்டிவிட்டது என்றிருக்கிறான். அப்போது காகிதத்தைத் திருப்பிக் காட்டியிருக்கிறார்கள்.

"அந்தச் சுழியைப் பார்த்தாம்மா. ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் சொன்னான். நான் பதினாலு வருஷமா ஆத்துல இருக்கேன், அடுத்தவன் சரக்குல ஒரு ஆணியைக்கூடத் தொட்டதில்ல. காகிதம் கொண்டுவந்தேன். என்னன்னு தெரிஞ்சுதான் கொண்டுவந்தேன். எழுதிக்குங்கன்னான்."

தளபதி இரண்டாவது தடவையும் கேட்டானாம். அப்போதும் அதையேதான் சொன்னானாம். சனிக்கிழமை காலை முடிந்தது. உடம்பை ஆற்றோரம் அங்கேயே புதைத்துவிட்டார்கள்.

கொம்மார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். டிக்னா அந்த ஆளுக்கு ரொட்டியும் பியரும் கொடுத்து அனுப்பினாள். அவன் தெருமுனை தாண்டும்வரை வாசலில் நின்றாள். தம்பி உளவாளியாகச் சாகவில்லை, திருடன் இல்லை என்று காட்டுவதற்காகச் செத்தான், அந்தப் பட்டத்தைக் கட்டினவள் அக்கா. இதை அவள் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை.

சங்கம் அவனுக்கு ஆத்மசாந்திப் பூசை வைக்கவில்லை. ஏட்டில் பெயர் இல்லாதவனுக்கு வைக்க முடியாது. தலைவர் ஒருநாள் வந்து, நடந்ததைத் திறந்து சொன்னால் பெயரை மறுபடி ஏற்றலாம் என்று மெதுவாகச் சொன்னார். என்ன நடந்ததென்று சொன்னால் வடக்கே அந்த வியாபாரியும் அவன் பெண்டாட்டியும் மாட்டுவார்கள், இங்கே ஓவியர், அவர் பின்னால் கொம்மாரின் பிழைப்பு. டிக்னா, சொல்ல ஒன்றுமில்லை பெரியவரே என்றாள்.

பட்டறைக்குப் போய் நிற்பதை மட்டும் அவள் விட்டுவிட்டாள். மரப்பொம்மையை மூலையிலிருந்து எடுத்தார்கள். கஞ்சி வேலையை விட முடியவில்லை, அவளுக்கு வேறு தொழில் தெரியாது. லேஸ் பழையபடி வந்துகொண்டிருந்தது. அவளும் பழையபடியே நிமிர்த்திக் கொடுத்தாள். அந்த வருஷம் சமாதானம் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை.

அந்த இரண்டாம் வருஷம் அக்டோபரில் ஒரு காலை ஓவியர் அவள் வீட்டுக்கு வந்தார். அதற்குமுன் ஒருதடவைகூட அந்த வாசலை மிதித்தவர் இல்லை. மறுபடி கிளம்புகிறாராம், இந்தத் தடவை தூரதேசமாம், குளிர்காலம் முடிகிறவரை வரமாட்டாராம். படம் வரையவா என்று அவள் கேட்கவில்லை. முக்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். உனக்கு ஏதாவது செய்யவேண்டும் என்றார். கொம்மாரைத் தலைமை வேலைக்காரனாக்குகிறேன் என்றார். டிக்னா லேஸ் துண்டு ஒன்றைத் தண்ணீரில் அலசிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும் ஐயா."

"கேளு."

"அந்தக் காகிதம் பொய்தான், உன்னைக் காப்பாத்தத்தான் உங்கக்கா எழுதினான்னு யாராவது அவன் காதுல போட்டாங்களா? தூதன் போனாரே. அவர் மூலமா ஒரு வார்த்தை, ஒரு சைகை. ஏதாவது?"

அவர் ராஜாக்களுக்கும் மந்திரிகளுக்கும் நடுவே இரண்டு வருஷம் ஒருவரிடம் சொன்னதை இன்னொருவரிடம் மறைத்துப் பேசிப் பழகினவர். ஆனாலும் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"இல்ல டிக்னா. யாரும் சொல்லல."

அவள் லேஸைப் பிழிந்தாள். உதறி ஒரு தடவை பார்த்தாள். மறுபடி தண்ணீரிலேயே போட்டாள்.

"ஊரு ஊரா போய்ப் பொய் சொன்னீங்களே ஐயா," என்றாள். "எனக்கு ஒண்ணு சொல்லக் கூடாதா?"

ஓவியர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவள் கைகள் ஈரமாக இருந்ததால் கதவை அவரே திறந்துகொண்டு போக வேண்டியிருந்தது.